அம்மா குணமாக ஒரு பூஜை

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். கட்டியை எடுத்துவிட்டால் வலி போய்விடும், அம்மா பழையபடி ஆகிவிடுவாள் என்றார் அப்பா. ஆறாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு அதற்கு மேல் தெரியவேண்டியதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அம்மாவிடமும் பாதிதான் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது.

அப்போது நாங்கள் ஹைதராபாத்தின் மௌலா அலியில், அப்பா வேலை பார்த்த மத்திய அரசுத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் இருந்தோம். திருநெல்வேலியிலிருந்து வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. காலனியில் வீட்டுக்கு ஒரு பையன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்கா போகக் காத்திருந்த காலம் அது. எந்த வீட்டுக்குப் போனாலும் விசாப் பேச்சுதான். எங்கள் வீட்டில் மட்டும் அந்த மார்கழியில் அம்மாவின் வயிற்றைப் பற்றிப் பேசினார்கள். என் தலை தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். யாராவது, "பரீட்சை எப்படி எழுதியிருக்க?" என்று என்னைக் கேட்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து நர்சிங் ஹோமிலிருந்து அம்மாவை அழைத்து வந்த அன்று, டாக்டரம்மா சொல்லியனுப்பியதையெல்லாம் அப்பா ஹாலில் நின்று உரக்கச் சொன்னார். ஆறு வாரத்துக்குத் தண்ணீர் வாளி தூக்கக் கூடாது. குனிந்து பெருக்கக் கூடாது. மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது. நன்றாகத் தூங்கவேண்டும். அப்பா சொன்ன விதத்தில் அத்தனை அக்கறை இருந்தது. எங்கள் அப்பா நல்லவர். காலனியில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர்கள் செய்திருந்தால் இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக சனத்நகரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அத்தையின் கணவருக்கு அங்கே ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் வேலை. கல்யாணமானதிலிருந்து ஹைதராபாத்திலேயே இருப்பதால் அவள் பேசும் தமிழுக்குள் தெலுங்கும் உருதும் பாதிப்பாதியாக வந்து உட்கார்ந்திருந்தன. முதல் வாரம் அத்தை நன்றாகவே பார்த்துக்கொண்டாள். ரசம் வைத்தாள், அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டாள். அதற்குள் அம்மாவைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டுமே. அத்தை ஹாலுக்குப் போய்விட்டாள்.

சமையல் எப்படி அம்மாவிடம் திரும்பி வந்தது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. முதலில், "படுத்துட்டு சும்மாதான இருக்க" என்று அவரைக்காய் கட்டிலுக்குப் போனது. பிறகு, "குனியத்தான கூடாதுன்னாங்க, நின்னுட்டே தாளிக்கலாம்லா" என்று அம்மா அடுப்புக்குப் போனாள். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிளறுவாள். அப்பா ஆபீசிலிருந்து வந்து, "ஏன் நிக்க? போய்ப் படு" என்பார். சொல்லிவிட்டு, "இன்னைக்கு என்ன குழம்பு?" என்பார்.

அம்மாவிடம் வேறு சில மாற்றங்களும் இருந்தன. காலனியில் எல்லோரும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாகத் திரிந்த குளிரில் அம்மாவுக்கு மட்டும் வேர்த்தது. திடீரென்று முகம் சிவந்து கழுத்தெல்லாம் நனைந்துவிடும். ஃபேனை முழு வேகத்தில் வைப்பாள். நான் போர்வைக்குள் சுருண்டுகொண்டு திட்டுவேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் முகத்தை நீட்டி நின்றிருந்தாள். "என்னம்மா தேடுதே?" என்றேன். "ஒண்ணும் தேடலட்டி, எனக்கு என்ன ஆகுதுன்னே தெரியல" என்றாள்.

அது அவளுக்குத் தெரிந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்பாவின் மேலதிகாரியின் மனைவி அன்று பார்க்க வந்திருந்தார். தமிழ்க்காரர், மெதுவாகப் பேசுவார். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தோம். நான் காபி டம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

"கர்ப்பப்பை ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன்" என்று அந்த மாமி குரலைத் தாழ்த்தினார்.

"ஹவ், ஆமா. அது மட்டுமா?" அத்தைக்குக் குரலைத் தாழ்த்திப் பழக்கமில்லை. "ரெண்டு பக்கமும் முட்டைப்பை இருக்குல்லா, அதையும் சேத்து எடுத்தாச்சு. பின்னால கேன்சர் கீன்சர்னு எந்தத் தொந்தரவும் வராது பாருங்க. டாக்டரம்மா முந்துன நாளே தம்பிகிட்ட விவரமாச் சொன்னாங்க. நானும் பக்கத்துல இருந்தேன். எல்லாத்தையும் எடுத்துருங்கன்னு சொல்லிட்டோம்."

கதவு திறந்தது. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை கலைந்திருந்தது. நைட்டியின் மேல் துண்டு போடாமல் அம்மா ஹாலுக்கு வந்து நான் பார்த்ததேயில்லை.

"எதை எடுத்தாங்க மதினி?"

"நீ ஏன் எந்திரிச்சு வந்த? போய்ப் படு."

"எதை எடுத்தாங்கன்னு கேட்டேன்."

அத்தை அந்த மாமியைப் பார்த்துச் சிரித்தாள். மாமி காபியைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்காமல், "எனக்குத் தெரியாதது காபி குடிக்க வந்தவங்களுக்கெல்லாம் தெரியுது" என்றாள். மாமி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று எழுந்து போய்விட்டார். பாவம், அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

முட்டைப்பை என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கோழி ஞாபகம்தான் வந்தது. என் வகுப்பில் ஒருத்திக்குத் தொண்டையில் டான்சில்ஸ் எடுத்திருந்தார்கள். அவள் ஒரு வாரம் ஐஸ்கிரீம் சாப்பிட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உபயோகமில்லாமல் உள்ளே கிடந்த ஒன்றை எடுத்ததற்கு அம்மா ஏன் இப்படி முகம் வெளிறிப்போய் நிற்கவேண்டும் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் படுக்கையறைக் கதவு சாத்தப்பட்டது. குவார்ட்டர்ஸ் கதவுகள் மெல்லியவை.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்றாள் அம்மா.

"நீ மயக்கத்துல இருந்த. எப்படிக் கேக்க?"

"முந்துன நாளு முழிச்சுட்டுதான இருந்தேன்? நீங்க வாங்கிட்டு வந்த இட்லியத் தின்னுட்டு உங்க கூடத்தான பேசிட்டு இருந்தேன்?"

"நீ பயந்துருவேன்னுதான்..." என்றார் அப்பா.

"என் உடம்புக்கு நான்தான பயப்படணும்?"

அதற்குப் பிறகு அம்மா என்னென்னவோ சொன்னாள். குரல் உயர்ந்தது, உடைந்தது, மறுபடி உயர்ந்தது. கர்ப்பப்பையை எடுப்பதற்கு அவளே சம்மதித்தாளாம். மாதாமாதம் படுகிற பாடு தாங்காமல் அவளே முடிவு செய்ததாம். மற்றதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதையும் அவளே முடிவு செய்திருப்பாளாம். ஒருவேளை எடுக்கத்தான் சொல்லியிருப்பேன், அதையும் நானேதான் சொல்லியிருக்கணும் என்று கத்தினாள். ஏதோ சுவரில் போய் மோதி உருண்டது. மறுநாள் பார்த்தேன். மேலதிகாரியின் மனைவி கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டில். உடையவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் கோபம் வந்தது. குக்கர் மூடியை வைக்கும்போது வந்தது. அப்பா கட்டிலில் வந்து உட்காரும்போது வந்தது. யாராவது, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும், "உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு அவங்களத்தான் கேக்கணும்" என்று ஹாலைக் காட்டுவாள். அப்பா பச்சைத் திராட்சை வாங்கி வந்தார். பூ வாங்கி வந்தார். பூ காய்ந்து ஃப்ரிட்ஜின் மேலேயே கிடந்தது.

அத்தை இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள். "ஏன் இவ்வளவு கோவம்னு நீ யோசிக்காதடா. அதை எடுத்துட்டா உடம்புல சூடு ஏறும், கோவம் வரும். எங்க காலனில ஒருத்திக்கு இப்படித்தான் இருந்துச்சு. ஆறு மாசத்துல தன்னால அடங்கிட்டா."

அப்பாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்த முகத்தெளிவுதான். அம்மாவின் கோபத்தையும் ஆபரேஷனின் பின்விளைவுகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். தையல் காய்வது மாதிரி அதுவும் காய்ந்துவிடும். அது வரைக்கும் சுற்றியிருப்பவர்கள் பொறுத்துக்கொண்டால் போதும். அம்மா என்ன சொல்லிக் கத்தினாலும் அப்பா இப்போது பதில் பேசாமல் தலையாட்டினார், காய்ச்சலில் பிதற்றுகிறவளிடம் தலையாட்டுவது மாதிரி. அம்மாவுக்கு அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அத்தை கண்ணாலேயே, பார்த்தாயா நான் சொன்னேனே என்பாள்.

கோபம் அடங்குவதை விரைவுபடுத்தத்தான் பூஜை. ஹைதராபாத்தில் எந்தத் தெலுங்கு வீட்டில் நல்லது நடந்தாலும் சத்தியநாராயண பூஜை செய்வார்கள். அத்தைக்கு அதில் பெரிய நம்பிக்கை. பொங்கல் கழிந்து வருகிற பௌர்ணமியும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்தாற்போல இருக்கிறது, அம்மா குணமாவதற்காகச் செய்துவிடலாம் என்றாள். அப்பா சரி என்றார். பூஜை செய்துவைக்கிற பந்துலுவிடம் சொல்லியாயிற்று. எங்கள் பிளாக்கிலும் பக்கத்து பிளாக்கிலும் கூப்பிட்டாயிற்று. கடைசியில் அம்மாவிடம் சொன்னார்கள்.

"பெரிசா ஒண்ணும் இல்ல. நீ அவன் பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்தா போதும்" என்றாள் அத்தை. "பிரசாதத்துக்கு ரவையக் கிளறிரு. புளியோதரை, வடை, அவ்வளவுதான். எனக்கு முட்டி வலி, இல்லேன்னா நானே செஞ்சுருவேன். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுல்லா, இன்னும் என்ன?"

அம்மா குணமாவதற்கான பூஜைக்கு, குணமாகாத அம்மா நாற்பது ஐம்பது பேருக்குச் சமைக்கவேண்டும். இதில் ஏதோ சரியில்லை என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்கு வடை பிடிக்கும்.

அம்மா கத்தாமல் இருந்ததைப் பார்த்து, பூஜைப் பேச்சே வேலை செய்கிறது என்று அத்தை சந்தோஷப்பட்டாள். முந்தின நாள் ரவையும் நெய்யும் ஒரு பெரிய அலுமினிய அண்டாவும் வந்து சேர்ந்தன. அப்பா வாங்கிவந்த புதுப் பட்டுச்சேலையை அத்தை கட்டிலின் மேல் எடுத்து வைத்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. கரை ரொம்ப அகலம் என்று அத்தை சொன்னாள்.

பூஜையன்று காலையில் என்னை மாவிலை பறித்து வர அனுப்பினார்கள். நான் இலைக்கொத்தோடு படியேறி வரும்போது அம்மா எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தாள். குளித்து ஈரத்தலையோடு இருந்தாள். பழைய நைட்டி, தோளில் துண்டு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள், நின்றாள், அடுத்த படியில் காலை வைத்தாள்.

"எங்கம்மா போற? படி இறங்கக் கூடாதுல்லா?"

"ஆப்பா வீட்ல போய்ப் படுக்கப் போறேன்."

ஆப்பா என்பது எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் இருந்த முஸ்லிம் அம்மாள். அவருடைய கணவருக்கும் அப்பாவின் தொழிற்சாலையில்தான் வேலை. அம்மாவைவிட வயதில் மூத்தவர் என்பதால் அம்மா அவரை அக்கா என்கிற அர்த்தத்தில் ஆப்பா என்று கூப்பிடுவாள், அதைக் கேட்டு நானும் அப்படியே. அம்மாவின் ஹிந்தி பாதிதான் தேறும். ஆப்பாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சாயங்காலங்களில் ஆப்பா மேலே வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் பேசி முடிக்க இருட்டிவிடும்.

"அப்ப பூஜை?" என்றேன்.

"உங்க அப்பாவும் அத்தையும் பண்ணட்டும். அவங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுனா நான் எதுக்கு?" அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "யாரு கேட்டாலும் நான் எங்கன்னு சொல்லாத. சொல்லுவியா?"

"சொல்லமாட்டேன்."

ஆப்பாவின் வீட்டுக் கதவு திறந்து மூடியது. நான் மாவிலையோடு மேலே போனேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, ரொம்பக் குஷியாகவும் இருந்தது. பெரியவர்கள் விஷயம் ஒன்று முதல்தடவையாக என் கையில் முழுசாகக் கிடைத்திருந்தது.

அம்மா குளிக்கிறாள் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மொட்டைமாடியில் பார்த்தார்கள். பின்பக்கத்து ஷெட்டில் பார்த்தார்கள். பேகம்பேட்டில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்த மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, அப்பா போன் செய்தார். இங்கே வரவில்லையே என்று மாமா பதறினார். அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"உங்கம்மா எங்கட்டி?"

"நாக்கு தெலீது" என்றேன், எனக்குத் தெரியாது என்று. பொய் சொல்ல எனக்குத் தமிழைவிடத் தெலுங்கு வசதியாக இருந்தது.

"தமிழ்ல சொல்லு!"

"சச்சீ, நாக்கு தெலீது." நிஜமாகத் தெரியாது என்று உருதுவையும் சேர்த்துக்கொண்டேன்.

அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதற்குள் அடுப்பில் ரவை தீய்ந்த வாசனை வந்தது. முட்டி வலிக்காரி ஒரே தாவாகத் தாவினாள்.

பிறகு அப்பா வந்தார். பட்டு வேட்டி கட்டி, திருநீறு பூசி இருந்தார். என் முன்னால் குனிந்து, "அம்மா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளாம்மா? எனக்குப் பயமா இருக்கு" என்றார். அத்தை குட்டியபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. வாயைத் திறந்தால் சொல்லிவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டினேன். அப்பா ஒரு கணம் என்னையே பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து, செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினார்.

பால்கனியிலிருந்து பார்த்தேன். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷன் போகிற ரோட்டில் அப்பா ஓடிக்கொண்டிருந்தார். அம்மா ரயிலேறி ஊருக்குப் போகிறாள் என்று நினைத்து ஓடுகிறாராக்கும் என்று எண்ணினேன். கையில் பைகூட இல்லாமல், நைட்டியோடு யாராவது திருநெல்வேலிக்குப் போவார்களா என்று எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. அப்பா எதற்குப் பயந்து தண்டவாளத்தைப் பார்க்க ஓடினார் என்பது எனக்கு உறைக்க ரொம்ப வருஷம் ஆயிற்று.

வீட்டில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். "டாக்டர்கிட்ட செக்கப்புக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா" என்று அத்தை ஒருவரிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டர் என்று அவர்கள் கேட்க, அடுத்து வந்தவரிடம், "தலைக்கு ஊத்திட்டு இருக்கா" என்றாள். முதலில் கேட்டவரும் அடுத்துக் கேட்டவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பந்துலு கலசமெல்லாம் வைத்து முடித்துவிட்டு, "அம்மகாரு எக்கட?" என்று அம்மாவை மூன்றாவது தடவையாகக் கேட்டார். அவருக்கு இன்னொரு வீட்டிலும் பூஜை இருந்தது.

அப்பா திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு நான் படியில் இறங்கினேன். கீழ்வீட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு ஆப்பா நின்றிருந்தார். ஜன்னல் வழியாக அப்பா ஓடியதை அவரும் பார்த்திருக்கவேண்டும்.

"உனோ மேரே கர் மே ஸோரைய்ன்" என்றார் ஆப்பா. அவள் என் வீட்டில் தூங்குகிறாள். பிறகு அப்பாவின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, "உட்டாவ் நக்கோ" என்றார். எழுப்பாதே. தொழிற்சாலையில் பத்துப் பேருக்கு உத்தரவு போடுகிற என் அப்பாவிடம் யாரும் அப்படி விரலாட்டி நான் பார்த்ததில்லை. கதவு மூடிக்கொண்டது.

அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். உடம்பெல்லாம் வேர்வை, காலெல்லாம் புழுதி. அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பிறகு கதவைத் தட்டக் கையை ஓங்கினார். கை அப்படியே அந்தரத்தில் நின்றது. தட்டுவார், உள்ளே போவார், ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அந்தக் கதவை என் மனதில் அவருக்காகத் தட்டிப் பார்த்துவிட்டேன். அவர் கையை இறக்கிக்கொண்டு மேலே போனார். விருந்தாளிகள் வந்துவிட்டார்களே.

"அவ வரமாட்டா" என்று மட்டும் அத்தையிடம் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. பந்துலு யோசித்தார். அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்றார். சம்சாரத்தின் சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம், பலன் குறையாது.

அரக்குச் சேலையை அத்தை நான்காக மடித்து, அப்பாவுக்குப் பக்கத்துப் பலகையில் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகையையும் வைத்தாள். பூஜை ஆரம்பித்தது. பந்துலு மந்திரம் சொன்னார், சொல்லவேண்டிய கதைகளையெல்லாம் சொன்னார். தம்பதியாகச் செய்யவேண்டிய இடங்களில் அப்பா சேலையைத் தொட்டுவிட்டுச் செய்தார். மஞ்சளும் குங்குமமும் சேலைக்கு வைத்தார்கள். அது மறுத்துப் பேசவில்லை. ஒரு மாதமாக அந்த வீட்டில் எல்லோரும் அம்மாவிடம் எதிர்பார்த்ததை அந்தச் சேலை ரொம்ப நன்றாகச் செய்தது. வந்திருந்த பெண்கள் சேலையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கரை அகலம் என்று ஒருத்தி சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா சாயங்காலம் மேலே வந்தாள். யாரிடமும் பேசாமல் போய்ப் படுத்தாள். மறுநாள் அத்தை, என்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று சொல்லிவிட்டு சனத்நகருக்குப் பஸ் ஏறினாள். டாக்டரம்மா சொன்ன கெடு முடிகிற வரைக்கும் அம்மா அடுப்புப் பக்கமே போகவில்லை. அப்பா லீவு போட்டுத் தண்ணீர் பிடித்தார், சோறு குழைய வைத்தார், ஆப்பா கொடுத்தனுப்பிய கிச்சடியைச் சாப்பிட்டோம். அம்மாவின் வேர்வையும் ஃபேனும் வருஷக்கணக்கில் ஓடின. முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஐம்பது வயதின் உடம்பைக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சேலையை அவள் ஒருநாளும் கட்டவில்லை. அப்பா அதன் பிறகு எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் யோசனை கேட்டார். என்ன சட்டை போடட்டும், கத்தரிக்காய் வாங்கவா, ஜன்னலைச் சாத்தவா என்றெல்லாம் கேட்டார். "உங்க இஷ்டம்" என்பாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல். அவள் அவரை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் மன்னித்தேனா என்பதும் தெரியாது.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பூஜை முடிந்த மத்தியானம்தான். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தட்டில் தீய்ந்த கேசரியும் புளியோதரையும் போட்டு, மேலே ஒரு வாழையிலைத் துண்டை மூடிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கீழே போனேன். ஆப்பா உள்ளறையைக் காட்டினார். பெரிய கட்டில், பூப்போட்ட ரஜாய்ப் போர்வை. அம்மா ரஜாயை உதறிவிட்டு மல்லாந்து படுத்திருந்தாள். ஜன்னல்கள் திறந்திருந்தன. அவளுக்காகத் திறந்து வைத்துவிட்டு, ஆப்பா குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்.

நான் தட்டை வைத்த சத்தத்தில் அம்மா கண் விழித்தாள். கொஞ்ச நேரம் மேலே சுழன்ற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னிடமா தனக்குள்ளேயா என்று தெரியாத குரலில் கேட்டாள்.

"என்னைய கேட்டாங்களாட்டி?"

இதற்காகத்தானே காலையிலிருந்து காத்திருந்தேன். குட்டு வாங்கிய இடம் இன்னும் வலித்தது. நான் நிமிர்ந்து நின்றேன்.

"கேட்டாங்கம்மா! அத்தை கேட்டாங்க, அப்பா கேட்டாங்க, பந்துலு மூணு தடவ கேட்டாரு. எல்லாரும் கேட்டாங்க. நான் சொல்லவே இல்லயே!"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியாதவள் மாதிரி பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும் என்று தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. ஆப்பா ஓடி வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கு அம்மாவுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்துக்கொண்டு, நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.